மலையில் வேகம் ஏறாத அவுட்போர்டு: ரீபோர் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பழைய 40 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், ஒன்றை வாங்கி ஊட்டிக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். அணையில் ஓடும் 14 அடி ஃபைபர் வேலைப் படகில் மாட்டியாகிவிட்டது. கடலில் 5,200 ஆர்.பி.எம். போகும் என்று விற்றவர் சொன்னார், இங்கே லீவரை முழுசாகத் தள்ளினாலும் 4,100-க்கு மேல் முள் நகரவில்லை. ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை, ஐடிலில், அதாவது சும்மா மெதுவாக ஓடும்போது, கொஞ்சம் புகைகிறது. பிளக் மாற்றியாச்சு, கார்ப்பரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாச்சு. கடைசியாக வந்த மெக்கானிக் கேஜ் வைத்துக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்துவிட்டு, 92-ம் 88-ம் வருகிறது, பிஸ்டன் ரிங் போய்விட்டது, ரீபோர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, புது பிஸ்டன் இறக்கணும் என்கிறார். செய்யலாமா என்பது கேள்வி.

செய்ய வேண்டாம். இப்போதைக்காவது வேண்டாம்.

அந்த மெக்கானிக் மேல் குறை சொல்லவில்லை. நானும் இதே தப்பைச் செய்தவன். தூத்துக்குடியில் ஒரு இன்ஜின் ஷெட்டில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் குன்னூருக்கு வந்த புதிதில், இங்கே ஒரு படகுக்காரர் இதே மாதிரி ஒரு மோட்டாரைக் கொண்டுவந்தார். கேஜைப் போட்டேன், 95 காட்டியது. கீழே 120 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது செத்த இன்ஜின். பிரித்தேன், போர் அடித்தேன், புது பிஸ்டன், புது ரிங், எல்லாம் போட்டு மறுபடி கேஜை வைத்தால் 97. அந்த நிமிஷம் வயிற்றில் ஏதோ கரைந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தண்ணீரில் இறக்கினால் பழைய வேகத்தை விட ஐம்பது சுற்றுதான் கூட. பிறகு அந்தப் படகின் டிரைவர், வயசானவர், ஷெட்டின் மூலையில் கிடந்த வேறொரு ப்ரொப்பல்லரைக் காட்டி "இதை மாட்டிப் பாருங்க" என்றார். 13 பிட்ச் இருந்த இடத்தில் 11 பிட்ச் (ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகணும் என்ற அளவு). மோட்டார் முந்நூறு சுற்றுக்கு மேல் ஏறியது. ஓனரிடம் வாங்கிய கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக்கு வரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை, வெளியே காற்றழுத்தம் குறைந்திருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கடற்கரையில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) என்றால் இங்கே 11.3-ஐ ஒட்டித்தான். மோட்டார் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைவு, பவரும் குறைவு. 300 மீட்டர் ஏறினால் மூன்று சதவீதம் போகும் என்பது எல்லாரும் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஊட்டிக்கு அது இருபதைத் தாண்டிவிடும். அதாவது கடலில் 40 ஆக இருந்த மோட்டார் இங்கே 31, 32. கோடைக்கானலிலும் ஏறத்தாழ இதே கதைதான், அது நூறு மீட்டர் தாழ்வு, அவ்வளவே.

இதே காரணத்தால் கேஜும் பொய் சொல்லும். பொய் என்று கூடச் சொல்லக் கூடாது, அது உள்ளதைத்தான் காட்டுகிறது, நாம்தான் கடற்கரைக் கணக்கை வைத்துக்கொண்டு படிக்கிறோம். உங்கள் 92-ஐ எடுங்கள். அதோடு வெளிக் காற்றழுத்தம் 11.3-ஐக் கூட்டினால் 103. கீழே காற்றழுத்தம் எவ்வளவு பங்கு கூட இருக்கிறதோ அந்த அளவு இதைப் பெருக்கி, 14.7-ஐக் கழித்தால் 119 வருகிறது. 88-க்கு அதே கணக்கில் 114. ஆக ராமேஸ்வரத்தில் இதே இன்ஜின் 119-ம் 114-ம் காட்டியிருக்கும். பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு அது நல்ல எண்தான். எண்ணின் உயரத்தை விட இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பார்ப்பேன். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ரிங்கைப் பற்றி யோசிக்க மாட்டேன். உங்களுக்கு நாலு பி.எஸ்.ஐ.தான். ஆனால் எப்படிப் பார்த்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்துக்கொண்டு இழுத்தால் இன்னும் பத்துப் பதினைந்து குறைத்துக் காட்டும், அதற்கு மோட்டார் என்ன செய்யும்.

சரி, அப்போது எல்லாப் பழியையும் மலை மேல் போட்டுவிடலாமா என்றால், முடியாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "ஹைட் தம்பி, இங்கே அப்படித்தான்" என்று கையை விரித்துவிடுவார்கள். உங்கள் எண்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ப்ரொப்பல்லர் தண்ணீரில் சுற்றக் கேட்கும் பவர், சுற்றின் மூன்றாம் அடுக்கில் ஏறும், தோராயமாக. அதைத் திருப்பிப் போட்டால், பவர் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் சுற்று ஏழெட்டு சதவீதம்தான் விழ வேண்டும். 5,200-லிருந்து 4,800. கலவை செறிவாகிப் போவதால், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிப் போவதால், இன்னும் கொஞ்சம் போகும், 4,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது 4,100. அதற்குப் பாதி பவர் காணாமல் போயிருக்க வேண்டும். மலை கால் பங்கு எடுத்தது, மிச்சக் கால் பங்கை யார் எடுத்தது? அதைத்தான் தேடணும்.

முதல் சந்தேகம் மீட்டர் மேலேயே. விற்றவர் சொன்ன 5,200 அவர் படகில் இருந்த மீட்டரில் பார்த்தது, நீங்கள் பார்க்கும் 4,100 நீங்கள் புதிதாக மாட்டிய மீட்டரில். இரண்டும் ஒரே தராசு இல்லை. அந்த மாதிரி டயல் மீட்டரின் பின்னால் சின்னதாக ஒரு திருகு ஸ்விட்ச் இருக்கும், ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று தேர்ந்தெடுக்க. ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள சார்ஜிங் காயில் எத்தனை போல் (காந்த முனை) என்பதைப் பொறுத்தது அது. 12 போல் என்றால் ஆறு துடிப்பு, 10 போல் என்றால் ஐந்து. பத்துப் போல் மோட்டாரில் ஸ்விட்சை ஆறில் வைத்திருந்தால் 4,900 சுற்றும் மோட்டார் 4,083 என்று காட்டும். உங்கள் எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்! பிளக் வயரில் சுற்றி வைக்கும் சின்ன டிஜிட்டல் மீட்டர், இல்லையென்றால் ஃபிளைவீலில் ஒரு பளபள ஸ்டிக்கர் ஒட்டி ஒளி அடித்துப் பார்க்கும் மீட்டர், ஏதாவது ஒன்றை இரவல் வாங்கிச் சரிபாருங்கள். வயரில் சுற்றுவதென்றால் அதிலும் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என்று செட்டிங் இருக்கும், மறந்துவிடாதீர்கள். மீட்டர்தான் குற்றவாளி என்றால் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம், நேராகக் கடைசியில் ப்ரொப்பல்லர் பற்றிச் சொல்வதற்குப் போய்விடுங்கள்.

மீட்டர் சரி என்று ஆனால் அடுத்தது ஆக்சிலேட்டர் கேபிள். சிரிக்காதீர்கள், நான் பார்த்த "வேகம் ஏறாத" மோட்டார்களில் கணிசமானவை இதுதான். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, கியரில் போட்டு, ஒருவர் முன்னால் லீவரை முழுசாகத் தள்ளட்டும், நீங்கள் மூடியைக் கழற்றி கார்ப்பரேட்டர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டர்ஃபிளை படுத்துக் கிடக்க வேண்டும், அதாவது காற்று போகும் திசைக்கு நேராக. கொஞ்சம் சாய்ந்து நின்றால் அங்கேயே உங்கள் ஐந்நூறு சுற்று போய்விட்டது. வேறு படகிலிருந்து கழற்றி மாட்டிய மோட்டார் என்பதால் உங்கள் கேபிள் நீளமும் அந்த மோட்டாருக்கு ஒத்துவராமல் இருக்கலாம். இரண்டு கார்ப்பரேட்டர் உள்ள மாடல் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கிறதா என்று பார்க்கணும். அதே இடத்தில் இன்னொன்றும்: பழைய மோட்டார்களில் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள தட்டும் நகரும், பொறியை முன்கூட்டிப் போட. அந்த இணைப்புக் கம்பியின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து தொங்கினால் ஐடில் சுகமாக இருக்கும், மேலே ஏறவே ஏறாது. கார்ப்பரேட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கிறீர்கள், அந்தக் கொக்கியைத் திரும்பப் போட்டார்களா?

அப்புறம் படகு. பிளக்கும் கார்ப்பரேட்டரும் எல்லாரும் பார்ப்பார்கள், படகை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை கூட இல்லை, ஆனால் நான் முதலில் கேட்க நினைத்தது இதைத்தான்: படகு எழும்பி ஓடுகிறதா? முழு ஆக்சிலேட்டர் கொடுத்த கொஞ்ச நேரத்தில் அணியம், அதாவது படகின் முன்பக்கம், முதலில் தூக்கி, பிறகு இறங்கி, படகு தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகணும். அப்படி வழுக்க ஆரம்பித்ததும் தண்ணீரின் இழுப்பு குறைந்து மோட்டார் தானாகவே இன்னொரு ஐந்நூறு, அறுநூறு சுற்று ஏறும். அணியம் வானத்தைப் பார்த்தபடியே, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு ஊர்ந்தால், மோட்டார் மேட்டில் ஏற முடியாமல் நாலாவது கியரில் முனகும் பஸ் மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மேட்டைத் தாண்டக் கடலில் இருந்த 40 போதும், இங்கே உள்ள 31 போதாமல் போகலாம். அப்போது கணக்கில் வராத அந்தக் கால் பங்கை யாரும் திருடவே இல்லை, படகு மேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் ஒரு காலை நேரம், காற்று இல்லாதபோது, சாமான் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, இரண்டே பேர் ஏறி, ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேரோடு எழும்பி 4,700 போய், ஐந்து பேரோடு 4,100-ல் நின்றால் இன்ஜினில் கோளாறு இல்லை. பழைய ஃபைபர் படகாக இருந்தால் இன்னொரு விஷயம், இரட்டைத் தளத்துக்கு நடுவில் அடைத்திருக்கும் ஃபோம் வருஷக்கணக்கில் தண்ணீரைக் குடித்து ஊறியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, படகு நூறு கிலோ கூடியிருக்கும். கரையில் ஏற்றி அமரத்தின் (படகின் பின்பக்கத்தின்) அடிப்பக்க வடிகால் மூடியைத் திறந்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் இன்னும் சொட்டிக்கொண்டே இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

மோட்டார் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதும் முக்கியம். கடற்கரை ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் லாங் ஷாஃப்ட், 20 அங்குலப் பின்பலகைக்கு. உங்கள் படகின் பின்பலகை 15 அங்குலம் என்றால் மோட்டார் ஐந்து அங்குலம் அதிகமாகத் தண்ணீருக்குள் போய்விடும், மோட்டாரின் கீழ்ப்பகுதி முழுவதும் பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். ப்ரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி வர வேண்டும், ஒரு அங்குலம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. மோட்டாரின் சாய்வை நிறுத்தி வைக்கும் கம்பி எந்த ஓட்டையில் இருக்கிறது என்றும் பாருங்கள், மோட்டார் உள்பக்கமாக ஒடுங்கி நின்றால் அணியம் தண்ணீரைக் குத்தும், சுற்று விழும்.

இதெல்லாம் சரி என்று வந்த பிறகே இன்ஜின் பக்கம் போவேன்.

இரண்டு பிளக்கையும் முழு வேகத்தில் ரெண்டு நிமிஷம் ஓட்டி, ஐடிலுக்கு இறக்காமல் அப்படியே சாவியை அணைத்து, கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐடிலில் ஓட்டிக் கரைக்கு வந்து பார்க்கும் பிளக் ஐடிலின் கதையைத்தான் சொல்லும். இரண்டும் ஒரே மாதிரி கறுத்து ஈரமாக இருந்தால் கலவை செறிவு, மலைக்கு அது எதிர்பார்த்ததே. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு ஈரம் என்றால் அந்தக் கறுப்பு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று சோம்பினால் பாதி பவர் போய்விடும், காணாமல் போன பங்குக்கு இது நல்ல சந்தேகம். உறுதி செய்ய, படகைக் கரையில் இரண்டு கயிற்றில் கெட்டியாகக் கட்டி, கியரில் போட்டு, இரண்டாயிரம் சுற்றில் வைத்து ஒவ்வொரு பிளக் வயராக நிறுத்திப் பாருங்கள். வயரை அந்தரத்தில் விடக் கூடாது, ஒரு பழைய பிளக்கை மாட்டி பாடியில் எர்த் பட வைத்து விடணும், இல்லாவிட்டால் நன்றாக இருந்த சி.டி.ஐ. யூனிட்டும் (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) போய்விடும். நிறுத்தியதும் சுற்று விழுந்தால் அந்த சிலிண்டர் உழைக்கிறது, விழவில்லை என்றால் அதுதான் ஆள். ஒன்று சொல்லணும்: மூடி இல்லாமல் ஃபிளைவீல் சுற்றும்போது கழுத்தில் மஃப்ளரோடு குனியாதீர்கள். இந்த ஊர்க் குளிரில் எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் இருப்போம், அதனால் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தில் இரண்டும் நன்றாக வேலை செய்து, மூவாயிரத்துக்கு மேல் மட்டும் ஒன்று விட்டுப்போவதும் உண்டு. சில பழைய சி.டி.ஐ. மோட்டார்களில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு சார்ஜ் காயில், வேகத்துக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். வேகக் காயில் போனால் மோட்டார் ஸ்டார்ட் ஆவதிலும் ஐடிலிலும் தங்கமாக இருக்கும், மேலே போனால் படுத்துவிடும். டைமிங் லைட்டை ஒவ்வொரு வயரிலும் மாட்டி ஓட்டத்தில் பார்த்தால் ஒளி விட்டுவிட்டு அடிப்பது கண்ணுக்குத் தெரியும். அது கிடைக்கவில்லை என்றால் இருட்டிய பிறகு மூடியைக் கழற்றி ஓடவிட்டுப் பாருங்கள், கடல் உப்பும் நம்மூர்ப் பனியும் சேர்ந்து அரித்த பிளக் கேப்பிலிருந்து நீலப் பொறி பாடிக்குத் தாவுவது தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் இதைப் பார்க்க ரொம்பச் சுலபம்.

பெட்ரோல் பக்கத்துக்கு ஒரே ஒரு சோதனை போதும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொருவர் டேங்க் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பைக் கையால் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். சுற்று ஏறினால் பெட்ரோல் வந்து சேரவில்லை: பம்ப் டயாஃப்ரம், அடைத்த ஃபில்டர், விரிசல் விட்ட ஹோஸ், இல்லையென்றால் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை. ஒருமுறை ஒரு டேங்க் மூடியின் துளைக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது, பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் 'ஸ்' என்று காற்று இழுக்கும், மறுபடி ஓடும். இரண்டு நாள் தேடினோம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை உறிஞ்சும், பாதி டேங்க் பெட்ரோலை இந்த மூடுபனியில் வாரக்கணக்கில் வைத்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். பழைய மோட்டாரின் ரப்பர் பாகங்களுக்கும் எத்தனால் ஆகாது. ஹோஸ் முழுவதையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள், செலவு பெரிதில்லை.

ராமேஸ்வரத்து மோட்டார் என்பதால் இன்னொன்று கேட்கிறேன். அது பெட்ரோல் மாடல்தானா? நம் கடற்கரையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் அவுட்போர்டுகள் நிறைய. அந்த மாடல்களுக்கு கம்பெனியிலேயே கம்ப்ரெஷனைக் குறைத்துத்தான் செய்வார்கள், மண்ணெண்ணெய் தட்டாமல் எரிய. அதைக் கொண்டுவந்து பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் ஓடும், ஆனால் அதே பெயருள்ள பெட்ரோல் மோட்டாரின் பவர் வராது. மாட்டும் கிளாம்ப் பக்கத்தில் உள்ள மாடல் தகட்டைப் பாருங்கள், எரிபொருள் மாற்றும் இரட்டை வழிக் குழாய் ஒன்று இருந்திருந்த அடையாளம் தெரிகிறதா பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய இன்ஜினில் கரியும் அதிகம். எக்சாஸ்ட் போர்ட் ஓரத்தில் கரி கட்டி வழியைக் குறுக்கியிருக்கும், ரிங் காடியில் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினாலே சில மோட்டாருக்கு உயிர் வரும். சுரண்ட மரக்குச்சி போதும், ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட வேண்டாம்.

மூடியோடு ஓடும்போது இருப்பதை விட மூடியைக் கழற்றினால் வேகம் ஏறுகிறது என்றால் எக்சாஸ்ட் புகை உள்ளே கசிந்து கார்ப்பரேட்டர் அதையே இழுக்கிறது. கூலிங் தண்ணீர் வாலாக வந்து விழுவது பலவீனமாக இருந்தால் உள்ளே உப்பு அடைத்திருக்கும், அதையும் கவனியுங்கள். ஆகாயத் தாமரை, பாசி உள்ள தண்ணீர் என்றால் ப்ரொப்பல்லரில் சுற்றியிருக்கிறதா, தண்ணீர் இழுக்கும் வாயில் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஒரு பார்வை. மோட்டாருக்கு ஓவர் ஹீட் பாதுகாப்பு இருந்தால் அதுவே வேகத்தைப் பிடித்துவிடும், ஆனால் அப்படிப் பிடித்தால் இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் பிடிக்கும், உங்கள் 4,100 அது இல்லை.

இப்போது ஜெட், அதாவது கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கார்ப்பரேட்டர் பெட்ரோலை அதே அளவுக்குக் குறைப்பதில்லை, அதனால் கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு செறிவாகிவிடும். ஐடிலில் புகைவதும், பிளக் கறுப்பதும் அதனால்தான். மெயின் ஜெட்டை ஒரு சைஸ், இரண்டு சைஸ் குறைக்கலாம், மோட்டார் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்திலேயே உயரத்துக்கு ஏற்ற ஜெட் எண் பெரும்பாலும் இருக்கும், அதைத்தான் போடணும். கம்பியை விட்டு ஓட்டையைக் குடைவது, ஈயம் வைத்து அடைத்துத் திரும்பத் துளைப்பது, இதெல்லாம் வேண்டாம். ஜெட் மாற்றினால் புகை குறையும், பெட்ரோல் மிச்சமாகும், இருநூறு சுற்று கூட வரலாம். இழந்த காற்றை அது திருப்பித் தராது. ஒரு எச்சரிக்கை: சின்ன ஜெட் போட்ட மோட்டாரை எப்போதாவது பவானிசாகருக்கோ கடலுக்கோ கொண்டுபோனால் ஜெட்டைத் திரும்ப மாற்றாமல் முழு வேகம் கொடுக்கக் கூடாது. கீழே காற்று அடர்த்தி, கலவை நீர்த்துப்போகும், பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்ளும். அப்போது நிஜமாகவே ரீபோர்தான். பழைய ஜெட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மோட்டார் மூடிக்குள் டேப் ஒட்டி வையுங்கள். ஆயிலைக் கூட்டினால் மோட்டாருக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், புத்தகத்தில் உள்ள விகிதம் போதும்.

கடைசியில் ப்ரொப்பல்லர், என்னைக் கேட்டால் உங்கள் காசு போக வேண்டிய இடம் இதுதான். மாட்டியிருப்பதைக் கழற்றி நடுக்குடத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள், இரண்டாவது எண் பிட்ச். 13 என்றால் ஒரு சுற்றில் 13 அங்குலம் முன்னே போகணும் என்று வளைத்திருக்கிறது. கடலில் முழு பவர் உள்ள மோட்டாருக்கு அது சரியாக இருந்தது, இங்கே அது அந்த மோட்டாருக்கு டாப் கியர். ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். உங்களுடையது 13 என்றால் 11 வேண்டும், சுமை எப்போதும் அதிகம் என்றால் 10. அலுமினியமே போதும். தூத்துக்குடியிலோ கொச்சியிலோ சொல்லி வைத்தால் பழசு கிடைக்கும், மோட்டார் மாடலும் ஷாஃப்டின் பல் எண்ணிக்கையும் சொல்லிக் கேளுங்கள். முதலில் இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இலை வளைந்திருந்தாலும் சுற்று விழும், அதைத் தட்டிச் சரிசெய்து பார்க்கலாம். நடுவில் உள்ள ரப்பர் புஷ் நழுவினால் கதை தலைகீழ், மோட்டார் கத்தும், படகு போகாது, அது உங்கள் பிரச்சினை இல்லை.

பெரும்பாலான பழைய 40-களுக்கு முழு ஆக்சிலேட்டரில் 4,500-லிருந்து 5,500-க்குள் ஓட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். இங்கே வழக்கமான சுமையோடு 4,800 கிடைத்தால் நான் மூடியைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். 5,200 வேண்டும் என்று துரத்தாதீர்கள். ஆனால் 4,100-லேயே ஓட்டிக்கொண்டும் இருக்காதீர்கள், சுமையில் முனகி ஓடும் டூ ஸ்ட்ரோக் கரி கட்டும், சூடாகும், பிஸ்டனைத் தின்னும்.

மீட்டரின் பின்னால் ஸ்விட்ச் எந்த எண்ணில் இருக்கிறது, பட்டர்ஃபிளை முழுசாகப் படுக்கிறதா, இரண்டு பேரோடு ஓட்டினால் எவ்வளவு, பிளக் இரண்டின் நிறம், ப்ரொப்பல்லரில் குத்தியிருக்கும் எண்கள். இந்த ஐந்தையும் பார்த்து எழுதுங்கள். மெக்கானிக்கிடம் அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.